சோபாவுக்கு உறை போட்ட முயல்

ஒரு காட்டில் மரங்களைவிட அடுக்குமாடிகள் அதிகமாகிவிட்டன. அப்புறமும் அதை ஏன் காடு என்கிறார்கள் என்று கேட்காதீர்கள். உங்கள் குடியிருப்பின் பெயரில்கூடத்தான் தோட்டம் இருக்கிறது.

அங்கே ஒரு ஆலமரத்தை வளைத்துப் போட்டு நாலு மாடி எழுப்பியிருந்தார்கள். சுற்றிலும் மதில், ஒரே ஒரு கேட். கேட்டுக்கு உள்ளே இருப்பவர்கள் ஒருவரையொருவர் தின்னக் கூடாது என்பது சங்கத்தின் சட்டம். கேட்டுக்கு வெளியே அவரவர் கால் பலம். எதிரே பஸ் ஸ்டாப் நிழலில் ஒரு சிறுத்தை எந்நேரமும் காத்திருக்கும். அது ஏறிப் போன பஸ்ஸை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருந்தாள் சௌந்தரம் என்ற முயல். அவள் புருஷன் ஒரு நாள் கொத்தமல்லி வாங்க கேட்டுக்கு வெளியே போனவர். அதற்கு மேல் சொல்வதற்கில்லை.

சௌந்தரம் வீட்டைக் கோயில் மாதிரி வைத்திருந்தாள். அதாவது, எதையும் தொடக் கூடாது. கூடத்தில் மெரூன் வெல்வெட் சோபா ஒன்று, கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமல் ஏழு வருஷமாக மூச்சு முட்டிக் கிடந்தது. ஷோகேஸில் தங்க விளிம்பு வைத்த ஆறு பீங்கான் கோப்பைகள். டிவி ரிமோட்டுக்குக்கூட ஒரு சட்டை தைத்துப் போட்டிருந்தாள். ஏன் என்று கேட்டால், "நாலு விருந்தாளி வந்தா வேணுமே!" என்பாள். விருந்தாளிகளும் வந்தார்கள். அவர்களுக்கு எவர்சில்வர் டம்ளரில் காபி கொடுத்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து அனுப்பினாள். அவர்கள் அந்த அளவுக்கான விருந்தாளிகள் இல்லையாம். அவள் மட்டும் என்ன, பாயில்தான் படுத்தாள்.

இப்படி இருக்கையில், குளிர் தேசத்துக் காட்டில் குடியேறியிருந்த மகள் போன் செய்தாள். "அம்மா, முழுகாம இருக்கேன். ஆறு மாசத்துக்கு வந்துடு" என்றாள்.

போகத்தான் வேண்டும். ஆனால் ஆறு மாதம் வீட்டைப் பூட்டிப் போட்டால் சோபாவில் பூச்சி விழும், வாடகையும் தண்டம். சாமான்களோடு யாருக்காவது உள்வாடகைக்கு விடலாம் என்றால், மேல் மாடியில் இருந்த ஓனர் கரடி அதற்குச் சம்மதிக்காது. உள்வாடகை கூடாது. அதைவிட முக்கியமாக, பேச்சிலர் கூடவே கூடாது. இரண்டும் அக்ரிமெண்டில் தடித்த எழுத்தில் இருந்தன.

சௌந்தரம் ரகசியமாக ஆள் பார்த்தாள். முதலில் வந்த கழுதைக்குக் காலையில் சாதகம் செய்யும் பழக்கம் இருந்தது. அடுத்து வந்த ஆட்டிடம், வீட்டிலிருக்கும் நூற்றுப் பதினாலு சாமான்களின் பட்டியலைக் கொடுத்தாள். ஆடு அதை ஊன்றிப் படித்துவிட்டுத் தின்றுவிட்டது.

மூன்றாவதாக வந்தவன் கிருபாகரன் என்ற நரி. கழுத்தில் ஹெட்போன், முதுகில் லேப்டாப் பை. வீட்டிலிருந்தே வேலை.

"மூணு மாசமா வீடு தேடறேன் மேடம்," என்றான். "பேச்சிலர்னு சொன்னதுமே போனை வெச்சிடறாங்க. நரின்னு சொல்றதுக்கே சான்ஸ் கிடைக்கல."

சௌந்தரத்துக்கு மனசு இளகியது. "யாராவது கேட்டா என் தம்பின்னு சொல்லிடு," என்றாள்.

"நான் நரி. நீங்க முயல்."

"ஒண்ணுவிட்ட தம்பின்னு சொன்னாத்தான் யாரு, எந்த வழின்னு நோண்டுவாங்க. கூடப் பிறந்தவன்னு அடிச்சுச் சொல்லு, ஒருத்தரும் வாய் திறக்க மாட்டாங்க."

இரண்டு பேரும் கேட்டுக்குப் போனார்கள். செக்யூரிட்டி எருமை அசை போட்டுக்கொண்டே படிவத்தை நிரப்பியது. உறவுமுறை என்ற இடத்தில் 'தம்பி' என்று எழுதிவிட்டு ஒரு முறை நிமிர்ந்து இரண்டு பேரையும் பார்த்தது.

"ஜாடை அப்படியே இருக்கும்மா," என்றது.

சாவியைக் கொடுக்கும்போது சௌந்தரம் இரண்டே நிபந்தனை போட்டாள். சோபா உறையைக் கழற்றக் கூடாது. ஷோகேஸைத் திறக்கக் கூடாது. நரி சரி என்றான். அவள் விமானம் ஏறினாள்.

இந்த மாதிரிக் கதைகள் கேட்டுப் பழகிய நீங்கள், நரி எப்போது புத்தியைக் காட்டுவான் என்று காத்திருப்பீர்கள். நானும்தான் காத்திருந்தேன். அந்தப் பாவி துளசிக்குத் தண்ணீர் ஊற்றினான். தேதி தவறாமல் வாடகை அனுப்பினான். நவராத்திரிக்கு நாலு மாடிக்கும் சுண்டல் கொண்டுபோய்க் கொடுத்தான். சங்கக் கூட்டத்தில் கடைசி வரை உட்கார்ந்திருந்தான், அதுவும் விழித்துக்கொண்டு. சாப்பாட்டுக்கு மட்டும் கேட்டுக்கு வெளியே போய் வருவான். என்ன சாப்பிட்டாய் என்று யாரும் கேட்கவில்லை. அதுதான் நாகரிகம்.

ஒரே ஒரு விஷயத்தில் வாக்குத் தவறினான். கரண்ட் போன ஒரு மத்தியானம் பிளாஸ்டிக் உறை அவன் முதுகோடு ஒட்டிக்கொண்டது. பிய்த்தெடுத்ததில் பாதி உறையும் கொஞ்சம் முடியும் வந்துவிட்டன. மீதி உறையை அவனே கழற்றி மடித்து, பரணில் பத்திரமாக வைத்தான்.

அங்கே சௌந்தரத்துக்கு மூச்சு விட நேரமில்லை. முயல் வீட்டில் பிரசவம் என்பது ஒரு தடவையில் முடிகிற காரியமா? போன மாதம் ஆறு, இந்த மாதம் ஏழு. எண்ணிக்கை எகிறிக்கொண்டே போனது.

அந்தச் சமயம் பார்த்து அக்ரிமெண்டின் பதினோரு மாதம் முடிந்தது. ஓனர் கரடி புதுப் பத்திரத்தோடு படியிறங்கி வந்தது.

"அக்கா ஊர்ல இல்லையே சார்," என்றான் நரி.

கரடி வீடியோ காலில் அழைத்தது. சௌந்தரம் இரண்டு கையிலும் குட்டிகளோடு திரையில் வந்தாள்.

"என்னம்மா, தேதி முடிஞ்சு போச்சே. தம்பியே கையெழுத்துப் போட்டுடட்டுமா?"

சௌந்தரம் ஒரு வினாடி தயங்கினாள். அந்த ஒரு வினாடியில் கரடியின் புருவம் ஏறியது.

"ஏம்மா யோசிக்கிற? சொந்தத் தம்பிதானே?"

"ஐயோ, என்ன சார் இப்படிக் கேக்கறீங்க! கூடப் பிறந்தவன்! அவன் போட்டா நான் போட்ட மாதிரி!"

"அக்கா, நீங்க வந்ததும் போட்டுக்கலாமே," என்றான் நரி. சத்தியமாகச் சொன்னான்.

"போடுடா!" என்று பல்லைக் கடித்தாள் முயல்.

நரி போட்டான். பாருங்கள், அவன் ஒரு சூழ்ச்சியும் செய்யவில்லை. கதை சொல்கிறவனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

ஆறு மாதம் முடிந்து சௌந்தரம் பெட்டியோடு கேட்டில் வந்து இறங்கினாள். எருமை போனில் கேட் ஆப்பைத் தடவிப் பார்த்தது.

"ஆப்புல உங்க பேர் இல்லையே."

"என்னப்பா விளையாடறே? ஏழு வருஷமா இருக்கேன்."

"அக்ரிமெண்ட் தம்பி பேருக்கு மாறிடுச்சு. பழைய பேரை ஆப்பு தானா எடுத்துடும்."

எதிரே பஸ் ஸ்டாப்பில் சிறுத்தை எழுந்து நின்று சோம்பல் முறித்தது. சௌந்தரத்துக்குக் கொத்தமல்லி ஞாபகம் வந்தது.

"அவன் என் தம்பியே இல்ல!" என்று உளறிவிட்டாள்.

எருமை அசை போடுவதை நிறுத்தியது. "தம்பி இல்லையா? அப்ப அவரு யாரு? உள்வாடகையா? இருங்க, ஓனரைக் கூப்பிடறேன். நிஜம்னா ரெண்டு பேரும் வெளியதான்."

சிறுத்தை தெருவைக் கடந்து பாதி வந்துவிட்டது.

"தம்பிதான்! தம்பிதான்! கோவத்துல சொல்லிட்டேன்!"

"அப்ப இந்த நோட்டுல எழுதுங்க. பார்க்க வேண்டியவர்: தம்பி. வந்தவர்: விருந்தாளி. மூணு நாளைக்கு ஒரு தடவை வெளிய போய்த் திரும்ப எழுதிட்டு வரணும்."

மடமடவென்று எழுதினாள். கேட் திறந்தது. சிறுத்தை ஒன்றும் நடக்காதது மாதிரி திரும்பிப் போய் உட்கார்ந்தது.

கதவைத் திறந்த நரிக்கு உண்மையிலேயே சந்தோஷம். "வாங்கக்கா! உங்க பேருக்கே மாத்தச் சொல்லி ஓனர்கிட்ட அப்பவே கேட்டுட்டேன். அடுத்த பதினோரு மாசம் முடிஞ்சாத்தான் முடியுமாம். அதுவரைக்கும் நீங்க விருந்தாளிதான்."

சௌந்தரம் அழுதுகொண்டே பழக்கதோஷத்தில் தரையில் உட்காரப் போனாள்.

"விருந்தாளியைக் கீழ உக்கார விடுவேனா?" என்று கையைப் பிடித்து சோபாவில் உட்கார வைத்தான்.

ஏழு வருஷத்தில் முதல் தடவை. வெல்வெட் அவளை மெதுவாக உள்வாங்கிக்கொண்டது. காது இரண்டும் தானாகத் தளர்ந்தன. நரி ஷோகேஸைத் திறந்து தங்க விளிம்பு வைத்த கோப்பையில் காபி கொண்டுவந்து நீட்டினான். "நல்லதெல்லாம் விருந்தாளிக்குத்தானேக்கா. நீங்க சொன்னதுதான்."

குடித்தாள். எவர்சில்வர் டம்ளர் காபி எல்லாம் ஒரு காபியா என்று தோன்றியது. இத்தனை வருஷம் தன்னை அந்த அளவுக்கான விருந்தாளியாகத் தானே நினைக்கவில்லையே என்று அவளுக்குத் துக்கம் தொண்டையை அடைத்தது. அடைத்த துக்கத்தை இன்னொரு கோப்பை காபியால் இறக்கினாள்.

பதினோரு மாதம் ஓடியது. அவளும் மூன்று நாளைக்கு ஒரு தடவை ஓடினாள். நோட்டில் எழுதுவதற்குள் சிறுத்தை இரண்டு முறை வால் முடியைப் பிடுங்கியிருந்தது.

கடைசியில் ஒரு நாள் நரி புதுப் பத்திரத்தைக் கொண்டுவந்தான். "அக்கா, இந்த இடத்துல ஒரு கையெழுத்து. இனிமே வெளிய ஓட வேண்டாம். வீடு உங்க வீடு."

சௌந்தரம் பேனாவைக் கையில் வாங்கினாள். கோப்பையைப் பார்த்தாள். பரணில் மடித்து வைத்திருந்த பிளாஸ்டிக் உறையைப் பார்த்தாள். உட்கார்ந்திருந்த இடத்தை ஒரு தடவை தடவிக் கொடுத்தாள்.

"வீடு என்னுதாயிட்டா இதுக்கு மறுபடியும் உறை போடணுமேப்பா," என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். "நீயே போட்டுடு."

பிறகு மணியைப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்து, ஓடுவதற்குத் தயாராகக் கேட்டை நோக்கிக் கிளம்பினாள்.

நீதி: நல்ல பொருளையெல்லாம் விருந்தாளிக்கென்று எடுத்து வைப்பவர்கள், முதல் காரியமாக வீட்டை யாருக்காவது கொடுத்துவிட்டு விருந்தாளியாகத் திரும்பி வரவும். கூடப் பிறந்த தம்பி இல்லாதவர்கள் நரியை அணுகவும்.