நெட்டைத்துரைக்கு நான் கொடுத்த ஞானஸ்நானம்

அமெரிக்காக்காரர் ஒருவருக்கு அவருக்கே தெரியாமல் ஞானஸ்நானம் கொடுத்த பாவம் என் தலையில் இருக்கிறது. நான் குருவானவர் இல்லை, வெறும் பள்ளிக்கூட வாத்தியார். கொடுத்த இடமும் கோயில் இல்லை. பாளையங்கோட்டையில் அறுப்பு முடிந்த வயலில் போட்டிருந்த பயாஸ்கோப் கொட்டகை. (தண்ணீர் மட்டும் நிஜம். அதுவும் அமெரிக்கத் தண்ணீர்.)

ஜெர்மன் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம் அது. எனக்கு இருபத்து மூன்று வயது. மூன்றாம் பாரத்துக்கு, அதாவது இன்றைய எட்டாம் வகுப்புக்கு, இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நான் இங்கிலீஷ் பேசினால் வெள்ளைக்காரத் துரைமார்களே திரும்பிப் பார்ப்பார்கள் என்பது என் எண்ணம். (பார்த்தார்கள். ஏன் பார்த்தார்கள் என்பது பிற்பாடுதான் புரிந்தது.) அந்த இங்கிலீஷை நம்பித்தான் மேலப்பாளையம் சாகுல் அண்ணாச்சி என்னைப் பிடித்தார். கொழும்பில் ஜவுளிக்கடை வைத்திருந்துவிட்டு ஊர் திரும்பியவர், வரும்போது ஒரு படம் காட்டும் மிஷினையும் கொண்டுவந்துவிட்டார்.

அந்தக் காலத்துப் படம் பேசாது. நடுநடுவே இங்கிலீஷில் எழுத்து வரும், போகும். திரைக்குப் பக்கத்தில் பிரம்பும் கையுமாக நின்று, என்ன நடக்கிறது என்று சனங்களுக்குக் கத்திச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் அதே பிரம்போடு நான் கொட்டகைக்குப் போய்விடுவேன்.

அண்ணாச்சியிடம் அடிக்கடி வந்த படங்கள் ஓர் அமெரிக்க நடிகருடையவை. ஆள் பனை உயரம். கால்சட்டை கணுக்காலுக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிடும். நடந்தால் விழுவார், விழுந்தால் இன்னொருவரையும் இழுத்துக்கொண்டு விழுவார். எங்கள் சனங்கள் அவருக்கு நெட்டைத்துரை என்று பெயர் வைத்திருந்தார்கள். படத்தின் தொடக்கத்தில் அவர் பெயர் இரண்டு தடவை வரும். ஒன்று நடித்தவர் என்று, இன்னொன்று டைரக்டர் என்று. அப்படி ஒரு வேலை உலகத்தில் உண்டு என்பது அன்று எனக்குத் தெரியாது. அதனால் ஒரே பெயரில் அண்ணன் தம்பி இருவர் என்று சொல்லி வைத்தேன்.

"அப்ப அண்ணன் எங்கவே? ஒரு படத்துலயும் காணலியே?" என்று ஒருவர் கேட்டார்.

"அவரு வெக்கப்படுவாரு" என்றேன்.

சனங்களுக்குப் படத்தின் கதை மட்டும் போதாது. துரைக்கு எந்த ஊர், தகப்பனார் என்ன வேலை, எத்தனை பிள்ளைகள் என்றெல்லாம் தெரியவேண்டும். எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லுகிற வழக்கமும் எனக்கு இல்லை. திங்கட்கிழமை அவரை மிராசுதார் மகனாக்கினேன், செவ்வாய்க்கிழமை அநாதையாக்கினேன். இப்படி அவருடைய ஜீவிய சரித்திரம் என் வாயில் நாளொரு மேனியாக வளர்ந்துகொண்டிருந்தபோதுதான் எனக்குப் பெண் பார்த்தார்கள்.

வள்ளியூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சபையைக் கவனித்துக்கொண்டிருந்தவர் மாசிலாமணி உபதேசியார். அவர் மகள் பாக்கியம். அவள் பனையோலைப் பட்டையில் பதநீர் ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். நான் பட்டையைப் பார்க்காமல் அவளைப் பார்த்ததில் பாதிப் பதநீர் என் கோட்டுக்குள் போய்விட்டது. அவள் சிரிக்காமல் உள்ளே போனாள், போன பிறகு சிரித்தது கேட்டது. இவள் இல்லாவிட்டால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று அந்த நிமிஷம் முடிவு செய்தேன். எறும்பு ஏறத் தொடங்கியதைக்கூடக் கவனிக்கவில்லை.

உபதேசியார் கண்டிப்பான மனிதர். பயாஸ்கோப், நாடகம், சீட்டாட்டம் மூன்றும் அவருக்கு ஒன்றுதான்.

"தம்பி, பள்ளிக்கூடம் விட்டதும் சாயங்காலம் என்ன செய்யுதீரு?" என்று கேட்டார்.

நான் கொட்டகையில் நிற்கிறேன் என்று சொன்னால் அத்தோடு சம்பந்தம் முடிந்தது. "படம் போட்டு சனங்களுக்கு விளக்கம் சொல்லுதேன் ஐயா" என்றேன். பொய் இல்லையே!

அவர் முகம் மலர்ந்தது. மிஷன்காரர்கள் அப்போது ஊர் ஊராக லாந்தர் விளக்கில் கண்ணாடிப் படம் போட்டுப் பரிசுத்தவான்கள் கதை சொல்லுவது வழக்கம். "லாந்தர்ப் படமா? நல்ல ஊழியம். யாரைப் பத்தி?"

"அமெரிக்காவுல ஒருத்தரு. அவரோட ஜீவிய சரித்திரம்."

"மிஷனரியா?"

நான் தலையை ஆட்டினேன். மேலும் கீழுமாகவா பக்கவாட்டிலா என்று எனக்கே தெரியாத ஓர் ஆட்டம். அவருக்கு வேண்டியபடி அவர் எடுத்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து ஒரு கார்டு வந்தது. பாளையங்கோட்டையில் நடக்கிற ஸ்தோத்திரக் கூட்டத்துக்கு அவர் சபையார் வருகிறார்களாம். முந்தின நாள் சாயங்காலம் அந்த அமெரிக்கப் பக்தரின் சரித்திரத்தை என் வாயால் கேட்க எல்லாரும் ஆவலாயிருக்கிறார்களாம். பாக்கியமும் வருகிறாளாம். கார்டைப் படித்ததும் சாகுல் அண்ணாச்சியிடம் ஓடினேன்.

"வேற படம் எங்கவே இருக்கு? கொழும்புப் பெட்டி வந்தாத்தான் உண்டு. கையில நெட்டைத்துரை ஒருத்தருதான்" என்றார்.

அந்தப் படத்துக்கு நான்கு சுருள். முதல் சுருளில் துரை கோயிலில் கல்யாணத்துக்கு நிற்பார், பெண்ணைப் பிடிக்காமல் ஜன்னல் வழியே குதித்து ஓடுவார். இரண்டாவதில் ஓடுகிற ஓட்டத்தில் ஆற்றில் விழுவார். மூன்றாவதில் குடித்துவிட்டுப் போலீஸ்காரனை உதைப்பார். நான்காவதில் வேறொருத்தியைக் கட்டிப்பிடித்து நீளமாக முத்தம் கொடுப்பார். இதில் மிஷனரியை எங்கே தேடுவது?

இரண்டு நாள் யோசித்தேன். வாத்தியார் மூளை அல்லவா, வழி கிடைத்துவிட்டது. மூன்றாவது சுருளை முதலில் போட்டால் அது பாவ ஜீவியம். அடுத்து ஆற்றில் விழுகிற சுருள், அது ஞானஸ்நானம். கடைசியில் முதல் சுருள், கோயிலுக்குப் போகிறார். ஜன்னல் வருவதற்குள் மிஷினை நிறுத்திவிட வேண்டும். நான்காவது சுருள் டப்பாவை விட்டே வெளியே வரக்கூடாது.

"தலைகீழாப் போடச் சொல்லுதீரு. சரிவே, உமக்குப் பொண்ணு கிடைக்கும்னா துரை தலையால நடந்தாலும் நடக்கட்டும்" என்றார் அண்ணாச்சி. அவ்வளவு நல்ல மனுஷர்.

அன்று விளக்கு வைக்கிற நேரத்துக்கு மூன்று வண்டிகள் வந்து நின்றன. சபையார் முன்னால் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். வேதபுத்தகத்தோடு உபதேசியார் நடுவில். பெண்கள் வலதுபக்கத் தட்டிக்கு அந்தப்புறம். பின்னால் எங்கள் வாடிக்கைக்காரர்கள், மார்க்கெட் ஆட்கள். அவர்களை வர வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. அவர்கள் இந்தப் படத்தை அதற்குள் ஆறேழு தடவை பார்த்திருந்தார்கள்.

மூன்றாம் சுருள் ஓடியது. "என்ன தம்பி, படம் அசையுது?" என்ற உபதேசியாரிடம், "புது மாதிரி லாந்தர் ஐயா" என்றேன். "சபையோரே, இது இவர் பாவத்தில் உழன்ற காலம்!" என்று பிரம்பை ஓங்கினேன். துரை சாராயப் புட்டியோடு தள்ளாடினார். சபையார் 'உச்சு' கொட்டினார்கள். உபதேசியார் "ஐயோ, ஐயோ" என்றார். என் குரல் எனக்கே இனித்தது.

"ஏ அண்ணாச்சி, சுருள் மாறிட்டுவே! கல்யாணம்லா மொதல்ல வரும்?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். அதை அமுக்க நான் இன்னும் சத்தமாகப் பிரசங்கம் செய்தேன்.

இரண்டாம் சுருள். துரை ஆற்றில் தொபுக்கென்று விழுந்து, முழுகி முழுகி எழுந்தார். "இதோ! ஞானஸ்நானம் பெற்றார்!"

உபதேசியார் எழுந்து நின்றுவிட்டார். எங்கள் சபையில் தலையில் தண்ணீர் தெளிப்பதுதான் முறை. ஆளை முக்கி எடுப்பது வேறு மிஷன்காரர்கள் வழக்கம். இரண்டு கூட்டத்துக்கும் ஆகாது.

"தம்பி, முழுக்கா கொடுத்தாக? இவரு எந்தச் சபை?"

"நம்ம சபைதான் ஐயா. தண்ணி தெளிச்சிக்கிடத்தான் போனாரு. கால் வழுக்கிட்டு."

சற்று யோசித்துவிட்டு உட்கார்ந்தார். 

முதல் சுருளில் கோயிலைப் பார்த்ததும் சபையாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போதகர் புத்தகத்தைத் திறந்ததும் "போதும் அண்ணாச்சி!" என்று குரல் கொடுத்தேன். ஆனால் பின்னால் ஒரே இரைச்சல். "நிறுத்தினா கொட்டகையப் பிரிச்சிருவோம்! ஜன்னலைக் காட்டும்வே! முத்தத்தைப் போடும்வே!" அண்ணாச்சி என்னைப் பார்த்தார், கொட்டகைத் துணியைப் பார்த்தார், கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

துரை ஜன்னல் வழியே குதித்தார். "ஊழியத்துக்கு அவசரமாய் அழைப்பு வந்துவிட்டது!" என்றேன். அதையும் சபையார் நம்பினார்கள். அவர்கள் நம்ப நம்ப எனக்கு அழுகை வந்தது.

அடுத்து அந்த நாலாம் சுருள் ஏறியது. வேறொரு பெண் வந்தாள். "இது யாரு தம்பி?" என்றார் உபதேசியார். "சபையிலுள்ள சகோதரி" என்று வாயில் வந்ததைச் சொன்னேன். சொல்லி வாய் மூடவில்லை, துரை சகோதரியைக் கட்டிப்பிடித்தார். முத்தம் தொடங்கியது. மார்க்கெட் ஆட்கள் சீட்டி அடித்தார்கள்.  தட்டிக்கு அந்தப்புறம்தான் பாக்கியம் இருக்கிறாள் என்ற நினைப்பு வேறு. கடைசியில், "பின்வாங்கிப் போனார்! ஐயோ, விசுவாசத்திலிருந்து பின்வாங்கிப் போனார்!" என்று அலறினேன்.

உபதேசியார் எழுந்தார். இரண்டு கையையும் உயர்த்தி, "இந்தச் சகோதரனுக்காக ஜெபம் பண்ணுவோம்" என்றார். சபை முழுதும் முழங்கால் போட்டது. என்னவோ ஏதோ என்று மார்க்கெட் ஆட்களும் தலைத்துண்டை எடுத்தார்கள்.

இங்கேதான் நான் கனவிலும் எதிர்பாராதது நடந்தது. சாகுல் அண்ணாச்சி ஐந்து வேளையும் தொழுகிறவர். யாராக இருந்தாலும் ஆண்டவனைக் கூப்பிடுகிறபோது மிஷினைச் சுற்றுவது மரியாதை இல்லை என்று அவருக்குப் பட்டிருக்கிறது. கைப்பிடியை விட்டுவிட்டுத் தலை குனிந்து நின்றுவிட்டார்.

அந்தக் காலத்துப் பிலிம் நகராமல் விளக்குக்கு முன்னால் நின்றால் பற்றிக்கொள்ளும். முத்தம் அப்படியே திரையில் நின்றது. துரையின் மூக்கு நுனியில் ஒரு பழுப்புப் பொட்டு தோன்றியது. அது விரிந்து, கொப்புளித்து, இரண்டு பேர் முகத்தையும் தின்றுகொண்டு போனது. ஜெபத்தின் நடுவே கண் திறந்து பார்த்த ஓர் அம்மாள், "நரகம்! நரகம்!" என்று வீறிட்டாள். பாய்களும் ஆட்களும் ஒன்றாக எழுந்து ஓடினார்கள். அண்ணாச்சி மணல் வாளியைக் கவிழ்த்து நெருப்பை அணைத்தார். யாருக்கும் காயமில்லை. நான் மட்டும் வெறும் திரைக்குப் பக்கத்தில் பிரம்போடு நின்றுகொண்டிருந்தேன்.

எல்லாம் முடிந்தது என்று வண்டிப் பக்கம் போனேன். உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் உபதேசியார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பரிசுத்தவான்களைப் பத்திச் சொல்லுதவன் நல்லதை மட்டுந்தான் சொல்லுவான். நீரு அவரு விழுந்ததையும் மறைக்காமச் சொன்னீரு. உண்மையுள்ள ஆளுவே நீரு. நாளைக்கு யோசிச்சுச் சொல்லுதேன்."

வண்டிக்குள்ளிருந்து பாக்கியம் என்னைப் பார்த்தாள். நான் உண்மையை விழுங்கிவிட்டேன். வெட்கம்தான். அன்றைக்கும் வெட்கம், இன்றைக்கும் வெட்கம்.

மறுநாள் கூட்டம் முடிந்ததும் சம்மதம் வந்தது. எங்கள் கல்யாணத்துக்குச் சாகுல் அண்ணாச்சி புதுக் குல்லாவோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். "எம் படம் போச்சு, உமக்குப் பொண்ணு வந்துட்டு. நல்லாயிரும்வே" என்றார். அவரும் பிற்பாடு காலமாகிவிட்டார். அந்த வயலில் இப்போது வீடுகள் கட்டிவிட்டார்கள். அந்தப் பக்கம் நடந்தால் இன்னும் அந்தக் கைப்பிடிச் சத்தம் எனக்குக் கேட்கிறது.

அதற்குப் பிறகு இருபது வருஷம் மாமா, அதாவது உபதேசியார், ஒவ்வொரு ஞாயிறும் தம் சபையில், "அமெரிக்கா தேசத்திலே பின்வாங்கிப் போன அந்தச் சகோதரன் கூத்தை விட்டுத் திரும்பும்படியாகவும்" என்று ஜெபித்தார். நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் முதல் வரிசையில் உட்கார்ந்து ஆமென் சொன்னேன்.

பேசும் படம் வந்து சில வருஷம் கழித்து ஓர் இங்கிலீஷ் பத்திரிகையில் நெட்டைத்துரையின் நிஜச் சரித்திரம் வந்தது. நாவிதர் மகனாம். சர்க்கஸில் கரணம் போட்டு, நாடகத்துக்குப் போய், பிறகு படத்தில் நடித்து, தம் படங்களைத் தாமே டைரக்ட் செய்தாராம். (என் அண்ணனும் தம்பியும் ஒரே ஆள்!) படம் பேசத் தொடங்கியதும் அவருடைய கீச்சுக்குரலைக் கேட்டுச் சனங்கள் தப்பான இடத்தில் சிரித்துவிட்டார்கள். தொழிலையே விட்டுவிட்டு இப்போது ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருக்கிறாராம். மனசு கனத்துப்போயிற்று. நம் வீட்டு ஆள் ஒருவர் வேலை இழந்த மாதிரி இருந்தது.

பத்திரிகையை எடுத்துக்கொண்டு மாமாவிடம் போனேன். அவருக்குக் கண் மங்கிவிட்ட காலம். பாக்கியமும் பக்கத்தில் இருந்தாள்.

"மாமா, அந்த அமெரிக்காக்காரர் கூத்தை விட்டுட்டாராம்."

"திரும்பிட்டானா?" என்றார். கைகூப்பி ஸ்தோத்திரம் சொன்னார். பிறகு பைய என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "நல்லது மாப்ளே. அன்னைக்குக் கொட்டகையில ரெண்டு பாவியப் பார்த்தேன். ஒருத்தன் திரும்பிட்டான். இனி உமக்காக மட்டும் ஜெபிச்சாப் போதும்."

 "உங்களுக்கு... எப்பத் தெரியும் மாமா?"

"அன்னைக்கு வண்டி கிளம்பினதுமே பாக்கியம் சொல்லிட்டா. பாளையங்கோட்டை போர்டிங்குல படிச்சவல்லா? திரையில வந்த இங்கிலீஷ் எழுத்து ஒண்ணு விடாம வாசிச்சிருக்கா."

அவள் இங்கிலீஷ் வாசிப்பாள் என்பது கல்யாணமான மறுமாதமே எனக்குத் தெரியும். அன்றைக்கும் வாசித்திருப்பாள் என்பது மட்டும் இருபது வருஷமாக இந்த மண்டையில் உதிக்கவில்லை. நான்தான் இங்கிலீஷ் வாத்தியார்!

"தெரிஞ்சுமா என்னைக் கட்டிக்கிட்டே?" என்று அவளைக் கேட்டேன்.

"ஒரு பொண்ணுக்காக இத்தனை பொய்யச் சொல்லுத மனுஷன் கட்டினவள விட்டுட்டா போயிருவான்னு அப்பாகிட்டக் கேட்டேன். மறுநாளே அவுக சம்மதம் சொல்லிட்டாக அத்தான்" என்றாள்.

மாமா காலமாகிப் பல வருஷம் ஆயிற்று. இன்றைக்கும் வீட்டில் நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்தக் காலத்தில் ஒரு நாள்..." என்று தொடங்கினால் போதும், என் கடைசி மகள் இரண்டு கையையும் உயர்த்தி, "இந்தச் சகோதரனுக்காக ஜெபம் பண்ணுவோம்" என்கிறாள். அடுப்படியிலிருந்து பாக்கியம் ஆமென் சொல்லுகிறாள்.