பன்னிரண்டு நாளில் பாதி இந்தியா

"சார், இது அடுத்த மாசம் பன்னெண்டாந்தேதி டிக்கெட்டு," என்றார் டி.டி.ஆர்.

பிரேம்குமார் செல்போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார். எப்படிப் பிடித்தாலும் அது அடுத்த மாதமாகவே இருந்தது.

சென்னை ரயில் ராஜபாளையத்தை விட்டுப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மில்காரர்கள் போட்ட மாலை இன்னும் அவர் கழுத்தில் கிடந்தது. ஆக்ரா, ஜெய்ப்பூர், காசி, டார்ஜிலிங் என்று பன்னிரண்டு நாள் பயணம். பேண்டேஜ் துணி மில்லில் சூப்பர்வைசரான அவரை வழியனுப்ப முதலாளியம்மா ஆனந்தவல்லியே ஸ்டேஷனுக்கு வந்து, மனைவி பாண்டிசெல்விக்குப் பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்.

"அடுத்த ஸ்டேஷன்ல எறங்கிருங்க," என்றார் டி.டி.ஆர். இரக்கத்தோடு.

அடுத்த ஸ்டேஷன் ஸ்ரீவில்லிபுத்தூர்.

"பஸ் ஏறி வீட்டுக்குப் போயிருவோம். தேதி மாறிப் போச்சுன்னு சொன்னா முடிஞ்சுது," என்றாள் பாண்டிசெல்வி, பிளாட்பாரத்தில் பெட்டிமேல் உட்கார்ந்தபடி.

"யாருட்டச் சொல்ல? சோலைராஜ் அண்ணாச்சிகிட்டயா?"

சோலைராஜ் அதே மில்லில் சீனியர் சூப்பர்வைசர். போன வருஷம் பத்து நாள் காஷ்மீர் போய்விட்டு வந்தவர். அன்றிலிருந்து மில்லில் யாராவது ஃபேனைக் கூட்டி வைத்தால், "இதெல்லாம் ஒரு காத்தா? குல்மார்க்ல நிக்கணும்," என்பார். இன்றுகூட ஸ்டேஷனில் எல்லார் முன்னாலும், "தம்பி, நீ மதுரையவே வழி கேட்டுத்தான் தாண்டுவ. சூதானமாப் போயிட்டு வா," என்று தட்டிக்கொடுத்திருந்தார்.

மடவார் வளாகம் பக்கத்தில் ஒரு லாட்ஜ் கிடைத்தது. மேனேஜர் வேலுசாமி, "எம்புட்டு நாளைக்கு?" என்று கேட்டார்.

"காலையில போயிருவோம்," என்றார் பிரேம்குமார்.

காலையில் மில் வாட்ஸப் குரூப்பில் சோலைராஜ் கேட்டிருந்தார்: 'தம்பி, எங்க வருதீக?'

யோசிப்பதற்குள் விரல் முந்திக்கொண்டது. 'சென்னை வந்தாச்சு' என்று போட்டுவிட்டார். அதற்கு முப்பத்திரண்டு பேர் கும்பிடு போட்டார்கள்.

"இனிமே எப்படி வீட்டுக்குப் போக?" என்றாள் பாண்டிசெல்வி.

மூன்றாம் நாள் ஆக்ரா. செல்போனில் ஏதேதோ ஆப்பை இறக்கி, லாட்ஜ் மொட்டைமாடியில் எடுத்த படத்தின் பின்னால் தாஜ்மஹாலை ஒட்டினார். ஒரு மணி நேர வேலை. கொடிக்கயிறு மட்டும் போகவில்லை.

சோலைராஜ் உடனே பதில் போட்டார். 'வெள்ளிக்கிழமை தாஜ்மஹாலுக்கு லீவாச்சே தம்பி?'

பிரேம்குமாருக்கு வேர்த்தது. 'நம்ம ஊருப் பேரச் சொன்னேன். தொறந்து விட்டாக.'

குரூப்பே பூரித்துப் போனது. 'ராஜபாளையத்துக்கு ஆக்ராவில் மரியாதை' என்று பேனர் அடித்து மில் வாசலில் கட்டிவிட்டார்கள்.

ஜெய்ப்பூருக்கு லாட்ஜின் பின்சுவர் இருந்தது. நல்ல ரோஸ் கலர். பாண்டிசெல்வி முக்காடு போட்டுக்கொண்டு நின்றாள். படத்தை அனுப்பிய பிறகுதான் அவள் தோளுக்கு மேலே 'இங்கு அசுத்தம் செய்யாதீர்' என்று கொட்டை எழுத்தில் இருப்பதைப் பார்த்தார்கள்.

'ஜெய்ப்பூர்ல தமிழா?' என்று கேட்டார் சோலைராஜ்.

'இங்க தமிழ்ச்சங்கம் இருக்கு,' என்று அடித்தார் பிரேம்குமார்.

"ஏங்க, தமிழ்ச்சங்கம் இதையா எழுதிப் போடும்?"

"சும்மாருட்டி! நான் என்ன, யோசிச்சா எழுதுதேன்?"

காசிக்கு, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்திலேயே திருவண்ணாமலை என்று பேர் கொண்ட பெருமாள் கோயிலின் தெப்பக்குளத்துக்குப் போனார்கள். அன்று ஏகாதசி, கூட்டமான கூட்டம். படியில் நின்று, தண்ணீர் மட்டும் தெரிகிற மாதிரி செல்ஃபிக்குக் கையை நீட்டும்போது வீடியோ கால் வந்தது. ஆனந்தவல்லி. பதற்றத்தில் விரல் பச்சையில் பட்டுவிட்டது.

"கங்கையா அது!" முதலாளியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஏன் பிரேம்குமாரு, அங்க கோவிந்தா கோவிந்தான்னு சத்தம் கேக்குது?"

"நம்மாளுக டூரு வந்திருக்காக, அம்மா."

"பின்னால ஒருத்தரு பனங்கெழங்கு விக்காரே?"

"அவரும் டூருல வந்தவருதான்."

ஆனந்தவல்லிக்குக் கண் கலங்கிவிட்டது. "புது மெஷினு வருது. அதுக்குப் பூஜை போட ஒரு கேன் கங்கைத் தண்ணி கொண்டாந்துருங்க. வீட்டுலயும் எல்லாரும் ஆளுக்கு ஒரு வாய் குடிச்சுக்கிடுவோம்."

போனை வைத்ததும் பாண்டிசெல்வி குளத்தைப் பார்த்தாள். பச்சைப்பசேல் என்று இருந்தது.

"இதக் குடிச்சா மெஷினே படுத்துக்கும்," என்றாள்.

இருவரும் படியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் இப்படிச் சேர்ந்து சிரித்ததே இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மூலை பாக்கியில்லாமல் சுற்றியாயிற்று, தினமும் பால்கோவா. ஊர் என்னமோ நன்றாகத்தான் இருந்தது.

டார்ஜிலிங்தான் கவிழ்த்துவிட்டது. குளிர் தத்ரூபமாகத் தெரிய வேண்டும் என்று ஏ.சி.யைப் பதினாறில் வைத்து, ஸ்வெட்டர், மஃப்ளர், உல்லன் குல்லாவோடு இரண்டு மணி நேரம் படம் எடுத்தார்கள். மறுநாள் மத்தியானம் பாண்டிசெல்வி தொடர்ந்து பதினோரு தும்மல் போட்டாள். நெற்றி சுட்டது.

"டாக்டருட்டப் போவோம், கெளம்பு."

"இந்தக் குல்லாவக் கழட்டாதீக, எனக்குக் குளுருது."

வெளியே தார் உருகுகிற வெயில். குல்லாவும் மஃப்ளருமாக இருவரும் மாடிப்படி இறங்கினார்கள். கடைசிப் படியில் பிரேம்குமாரின் கால் அப்படியே நின்றுவிட்டது.

வரவேற்பு மேஜை முன்னால் சோலைராஜ் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி பரிபூரணம். காலடியில் மூன்று பெரிய பெட்டிகள்.

ஆள் பெட்டி படுக்கையோடு தேடி வந்து கண்டுபிடித்துவிட்டார் என்று பிரேம்குமாருக்குப் புரிந்தது. பேனர் கிழியும். கேன் கேள்வி வரும். ரிட்டயர் ஆகும்வரை மில்லில் தலை நிமிர முடியாது. மனைவியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குல்லாவைக் கழற்றினார்.

"அண்ணாச்சி, உள்ளதச் சொல்லிருதேன்," என்றார். "நாங்க எங்கயுமே போகல. தாஜ்மஹாலு, கங்கை எல்லாம் பொய்யி. நீங்க காஷ்மீர் போயிட்டு வந்த மனுசன். உங்க முன்னால நான் எம்புட்டு அசிங்கமா நிக்கேன் பாருங்க."

சோலைராஜின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. பரிபூரணம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

அந்த நேரம் உள்ளேயிருந்து தண்ணீர் பாட்டிலோடு வந்த வேலுசாமி வாயெல்லாம் பல்லாகச் சொன்னார்:

"வாங்க சோலைராஜ் அண்ணாச்சி! உங்க காஷ்மீர் ரூமு இன்னிக்குத்தான் காலியாச்சு. இந்த வருசம் எந்த ஊரு?"