சொந்தக் காலில் நிற்கும் திட்டம்

ஞானவடிவு குடும்ப அறவாரியம் சிறிய அறவாரியம்தான். மாமனார் தலைவர், மாமியார் துணைத் தலைவர், மகன் பொருளாளர், மருமகள் தனுஜா திட்ட இயக்குநர். நால்வரும் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் செயற்குழு கூடிவிட்டது என்று பொருள். மானியம் தருவதற்கு அவர்களிடம் ஒரே ஒரு கொள்கை இருந்தது: உதவி பெறுகிறவர் ஓராண்டுக்குள் சொந்தக் காலில் நிற்க வேண்டும்.

ரிங்லெட்டில் உள்ள எங்கள் நல்லுதவிச் சங்கம் உறுப்பினர் லூயிசுக்காக விண்ணப்பித்தது. இனிப்புநீர் நோய் முற்றியதால் அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கோலா தெர்லாவில் காய்கறி தரம் பிரிக்கிற வேலை அவருக்கு. நாள் முழுக்க நின்றே செய்ய வேண்டும். கிறிஸ்துமஸ் வரை இடத்தை விட்டுவைப்பதாக முதலாளி சொல்லியிருந்தார். செயற்கைக் கால் ஒன்று கிடைத்தால் பிழைப்பு ஓடும். அறவாரியத்தின் கொள்கைக்கு இவரைவிடப் பொருத்தமான ஆள் பகாங் மாநிலத்திலேயே கிடையாது என்று நாங்கள் அப்பாவித்தனமாக நம்பினோம்.

தனுஜா நேரில் விசாரிக்க வந்தார்.

"செயற்கைக் கால் எப்படிச் சொந்தக் கால் ஆகும்?" என்றார்.

"மாட்டிக்கிட்டா நின்னுருவேன் மேடம்," என்றார் லூயிஸ்.

"நிப்பீங்க. யாரு கால்ல? நாங்க வாங்கிக் குடுத்த கால்ல!"

"அப்ப நானே வாங்கணுமா?"

"அதான் சொந்தக் கால்! பாத்தீங்களா, உங்களுக்கே புரிஞ்சிருச்சு."

"காசு இருந்தா உங்ககிட்ட ஏன் லா வர்றேன்?"

எங்கள் தலைவர் செல்வராஜு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், லூயிசின் தோளை அழுத்தி அடக்கினார். பெரிய இடத்தைப் பகைத்துக்கொள்ளக் கூடாது என்பது சங்கத்தின் எழுதாத விதி.

ஆழ்ந்த பரிசீலனைக்குப் பின் மானியம் வந்தேவிட்டது. காலுக்கு அல்ல, 'சொந்தக் காலில் நிற்போம்' என்னும் ஒருநாள் தன்முனைப்புப் பயிலரங்குக்கு. பிரிஞ்சாங்கில் ஒரு ஓட்டலின் மூன்றாவது மாடியில் நடந்தது. லிப்ட் பழுது. லூயிசை நாற்காலியோடு நாலு பேர் சுமந்து ஏறினோம். வழியெல்லாம் அவர் திருவாய் மலர்ந்தருளியவற்றை நான் அறிக்கையில் சேர்க்கவில்லை.

"வெற்றி பெறப் பிறந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டுங்கள்!" என்று முழங்கினார் பேச்சாளர். எழுந்தோம். உள்ளங்கை சிவக்கத் தட்டினோம். தனுஜா சுற்றிலும் பார்த்தார்.

"ஒருத்தர் மட்டும் எழுந்திரிக்கல. மனசுல முயற்சி இல்ல," என்று வருந்தினார்.

கிறிஸ்துமசும் போனது. லூயிசின் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார். எனக்கு ஆத்திரம்தான். ஆனாலும் நான் சங்கச் செயலாளர். ஆண்டுக் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்தேன்.

"காலு கேட்டா குடுக்க மாட்டேங்குறாங்க, பயிலரங்குன்னா கேக்காமலே குடுக்குறாங்க," என்றார் செல்வராஜு. "அடுத்த வருசமும் பயிலரங்கே கேப்போம். பயனாளியும் கைவசம் இருக்காரு."

ஏகமனதாக நிறைவேறியது.

லூயிஸ் கசப்பாகச் சிரித்தார். "இன்னொரு காலையும் எடுத்துட்டா ரெண்டு பயிலரங்கு கெடைக்குமா சார்?"

செல்வராஜு சிரிக்கவில்லை. சற்று யோசித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நல்ல கேள்வி. குறிச்சுக்குங்க."

குறித்துக்கொண்டேன்.