பிரேக் மாமாவின் பதினோரு வருஷம்

தான் பார்த்த வேலையைத் தான் பார்க்கவே இல்லை என்று மேலதிகாரியிடம் சாதித்த குமாஸ்தா கல்கத்தாவிலேயே ஒருவர்தான். எங்கள் பவானிபூர் அரசு அலுவலகத்தில் அவருக்கு பிரேக் மாமா என்று பெயர்.

பெயர் வந்த கதை மகா அநியாயம். மாமா வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தபோது, ஒரு வேலைநிறுத்த நாளில் பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. லேக் கார்டன்ஸிலிருந்து மாமா நடந்தே வந்தார். கேட்டில் பூட்டு. ஆபீஸ் பெருக்கும், எல்லோருக்கும் தீதியான, அதாவது அக்காவான, மாலதியும் குடையோடு நின்றுகொண்டிருந்தாள். மத்தியானம்வரை நின்றுவிட்டு இருவரும் திரும்பினார்கள். ரிஜிஸ்டர் உள்ளே, இவர்கள் வெளியே. கையெழுத்து இல்லாததால் இருவரும் வேலைநிறுத்தக்காரர்கள் ஆனார்கள்.

மாமா ரிட்டயராகச் சில மாதங்கள் இருக்கும்போது பென்ஷனுக்காக சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டினார்கள். அந்த ஒரு நாள் 'பிரேக்' என்று பதிவாகியிருந்தது. நடுவில் சர்வீஸ் அறுந்தால் அதற்கு முந்தைய காலம் பென்ஷனுக்குச் சேராதாம். பதினோரு வருஷம் போயிற்று. தீதிக்கும் அதே கதி.

மாமா என்னிடம் கொதித்தார். "அந்தப் பதினோரு வருஷத்துலதான்டா எனக்குக் கல்யாணம் ஆச்சு. உத்யோகம் இல்லாதவனுக்கா என் மாமனார் பொண்ணைக் கொடுத்தார்?"

அந்தச் சமயம் பார்த்து ஆடிட்காரர்கள் அந்தப் பதினோரு வருஷத்துப் பழைய ஃபைல் ஒன்றைக் கேட்டார்கள். அது இருக்குமிடம் மாமாவுக்கு மட்டுமே தெரியும். அதிகாரி கூப்பிட்டுக் கேட்டார். அப்போது தான் வேலையிலேயே இல்லையே என்று மாமா வங்காளியில் பணிவாகச் சொன்னார். அந்தக் காலத்து ஆபீஸ் பிக்னிக் போட்டோவில் நடுவில் நிற்பது யார் என்று கேட்டதற்கும், தெரியாத ஆசாமி என்றுவிட்டார். இரண்டு வாரம் அலமாரிகளைக் கவிழ்த்தோம். எலிக்குஞ்சுகள்தான் கிடைத்தன.

அதிகாரி ஆடிட்டுக்குப் பயந்துபோய், மாமாவிடம் ஒரு மனு வாங்கி மேலிடத்துக்கு எழுதினார். பிரேக்கை மன்னித்து ஆர்டர் வந்தது, மாமாவுக்கு மட்டும். தீதி மனு கொடுக்கவில்லையாம். எழுதத் தெரியாதவளிடம் மனு கொடு என்று யார் சொன்னார்கள்?

வாங்கிக்கொள்ளுங்கள் மாமா என்றேன். என்னை முறைத்தார்.

"கேட்டுக்கு வெளியில ரெண்டு பேர் நின்னோம். ஒருத்தர் மட்டும் எப்படிடா வேலைக்கு வந்தவர்?"

ஆர்டரைத் திருப்பிக் கொடுத்தார். தீதி பெயரில் தானே மனு எழுதி, கூடவே தன் சாட்சியத்தையும் இணைத்தார். இரண்டு பெயரும் சேர்ந்து ஆர்டர் வந்த அன்று, நேரே போய் ஒரு அலமாரியின் பின்னால் கைவிட்டு ஃபைலை எடுத்து மேஜையில் போட்டார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் லேக் மார்க்கெட்டில் என்னைப் பிடித்துவைத்து யாரையாவது திட்டுவார். அவர் வரத் தாமதமானால், எனக்கு வேண்டாத வாழைப்பூவைப் புரட்டிப் பார்த்தபடி நான் அங்கேயே நின்றுகொண்டிருப்பேன்.