‘வாங்க’ என்று சொல்லாததன் காரணம்

மதிப்பும் மரியாதையும் நிறைந்த சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் மருமகளைப் பெற்றவன், உங்கள் முகத்துக்கு நேராக நின்று, இரண்டு கைகளையும் கூப்பி எழுதுவது. கூப்பிய கையால் எப்படி எழுதுவது என்று கேட்காதீர்கள், மனதுக்குள் கூப்பியிருக்கிறேன். இங்கே நான், என் மனைவி, மகன் எல்லோரும் நலம். நாற்காலிகளின் கால்களும் கதவின் கீழ்ப்பாதியும் அவ்வளவு நலமில்லை. அங்கே நீங்கள், சம்பந்தி அம்மாள், மாப்பிள்ளை, எங்கள் பெண் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் செருப்புக் கடையில் வியாபாரம் அமோகமாக நடக்கட்டும். நீங்கள் போன் செய்யும்போதெல்லாம் “எல்லாரும் நல்லா இருக்காங்களா?” என்று கேட்காமல் “வீட்டுல எல்லாம் நல்லா இருக்கா?” என்றுதான் கேட்பீர்கள். ஆயுள் முழுக்க அச்சகத்தில் பிழை திருத்தியவன் நான். உயர்திணையைத் தூக்கி யாராவது அஃறிணையில் போட்டால் கை பரபரக்கும். ஆனாலும் சம்பந்தியின் இலக்கணத்தில் கை வைக்கக் கூடாது என்று விட்டுவிட்டேன். இப்போது அந்தப் போனும் வருவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பழப் பையும் கையுமாக எங்கள் வாசலில் வந்து நின்றபோது, நாங்கள் மூன்று பேரும் “வாங்க” என்று ஒரு வார்த்தை சொல்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டோம். நீங்களும் வந்த வழியே போய்விட்டீர்கள். அன்றிலிருந்து என் பெயரை எடுத்தாலே எழுந்து உள்ளே போய்விடுகிறீர்கள் என்று உங்கள் மருமகள் போனில் அழுகிறாள். “வாழ வந்த வீட்டுல நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நடமாடறதுப்பா?” என்று கேட்கிறாள். பெண்ணைக் கொடுத்த இடத்தில் இப்படி ஆகிவிட்டதே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மன்னிக்கவும். நாங்கள் செய்தது அவமரியாதை இல்லை. அது பயிற்சி. நாய்க்கு.

நீங்கள் பிரியமாகக் கொண்டுவந்து கொடுத்தீர்களே, அந்த நாய்க்குட்டியை முதல் நாளே “டேய்” என்று கூப்பிட்டேன். என் மனைவி சமையலறையிலிருந்து பாய்ந்து வந்து, “சம்பந்தி வீட்டுலேருந்து வந்திருக்கு, வாடா போடான்னா நல்லாவா இருக்கும்?” என்று வாயை அடைத்துவிட்டாள். அன்றிலிருந்து அதற்குச் சின்னவர் என்று பெயர். சின்னவர் சாப்பிட்டாரா, சின்னவர் தூங்குகிறாரா என்றுதான் எங்கள் வீட்டில் பேச்சு. என்னை அப்படி இதுவரை யாரும் விசாரித்ததில்லை, அது போகட்டும். சின்னவர் வந்த வாரத்தில் என் கண்ணாடிக் கூட்டைத் தின்றார், அடுத்து டிவி ரிமோட்டைத் தின்றார், அதனால் ஒரே செய்திச் சேனலை இரவும் பகலும் பார்க்க வேண்டியதாகி வீட்டில் எல்லோருக்கும் ரத்த அழுத்தம் ஏறியது, அதைக் காட்ட டாக்டரிடம் போகலாம் என்றால் செருப்பு இல்லை. யார் வீட்டுக்குள் வந்தாலும் மார்பு உயரத்துக்கு எகிறிக் குதித்தார். கேஸ் சிலிண்டர் போடுகிறவர் இப்போதெல்லாம் தெருவிலேயே வைத்துவிட்டு, அங்கிருந்து கையெழுத்துக் கேட்கிறார்.

உட்காரச் சொல்லிப் பழக்கலாம் என்று ஆரம்பித்தோம். என் மகன் “சிட்” என்றான். என் மனைவி “உக்காருங்க, உக்காருங்க” என்று உபசரித்தாள். ஒரு சொல் என்றால் அது சுத்தமாக இருக்க வேண்டாமா? நான் “அமர்க” என்றேன். சின்னவர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என் வேட்டியின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு ஓடினார். வேட்டியோடு நானும் கொஞ்ச தூரம் ஓட வேண்டியிருந்தது.

கடைசியில் நாய் பழக்குகிறவர் ஒருவரைக் கூட்டிவந்தோம். அவர் சின்னவரை ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை, எங்களைத்தான் நிற்க வைத்துப் பழக்கினார். “வாயிலேருந்து எதையும் பிடுங்காதீங்க சார். பதிலுக்கு ஒரு பிஸ்கட்டக் காட்டுங்க, தானா விட்டுடும்” என்றார். நல்ல யோசனைதான். இதில் ஒரு வியாபாரம் இருப்பதைச் சின்னவர் அன்று சாயங்காலமே கண்டுபிடித்துவிட்டார். செருப்பைக் கொண்டுவந்து போடுவார், பிஸ்கட் வாங்கிக்கொள்வார், போய் என் மனைவியின் பர்ஸோடு வருவார், இன்னொரு பிஸ்கட். வீட்டுச் சாமான்களை எங்களுக்கே விற்றுச் சாப்பிட்ட முதல் ஆள் அவர்தான்.

குதிப்பதற்குத்தான் அந்த வைத்தியம். “மேல குதிச்சா உடனே மூஞ்சியத் திருப்பிக்கணும். பாக்கக் கூடாது, பேசக் கூடாது, தொடக் கூடாது. நாலு காலும் தரையில பட்டாத்தான் பேச்சே. யாரு மேல குதிச்சாலும் வீட்டுல இருக்கற எல்லாரும் திரும்பிக்கணும். ஒருத்தர் பாத்துட்டாலும் அத்தனையும் வீண்” என்று கறாராகச் சொல்லிவிட்டார். அதோடு விட்டாரா? எந்த வார்த்தையைக் கேட்டால் சின்னவருக்குக் குஷி கிளம்புகிறது என்று உட்கார்ந்து ஆராய்ந்தார். அந்த வார்த்தை ‘வாங்க’. அதைச் சொன்னாலே ஆள் வந்தாயிற்று என்று எகிறுகிறாராம். “கொஞ்ச நாளைக்கு யாரையும் வாங்கன்னு சொல்லாதீங்க” என்றார். பெண்ணைக் கட்டிக்கொடுத்த குடும்பத்தில் இது ஆகிற காரியமா என்று அவரிடம் கேட்கத் தோன்றவில்லை. மனைவியும் மகனும் தலையாட்டுகிறார்களே என்று நானும் ஆட்டினேன்.

அந்தச் சமயத்தில்தான் நீங்கள் வந்தீர்கள். மகன் கதவைத் திறந்ததும் சின்னவர் உங்கள் வெள்ளைச் சட்டையில் முன்னங்கால்கள் இரண்டையும் பதித்தார். அப்போது எங்களுக்குள் இருந்தது பயிற்சி ஒன்றுதான். நான் காலண்டரைப் பார்த்தேன், என் மனைவி சுவிட்ச் போர்டைப் பார்த்தாள், மகன் செருப்பு ஸ்டாண்டைப் பார்த்தான். “சம்பந்தி, நான்தான் வந்திருக்கேன்” என்றீர்கள். கேட்டது, சம்பந்தி. காதில் நன்றாகவே விழுந்தது. நீங்கள் பழப் பையை உயரத் தூக்கத் தூக்க அவரும் உயர உயரக் குதித்தார், அதனால் எங்கள் முதுகும் உங்கள் பக்கமே இருந்தது. அந்த நேரம் பார்த்து என் மனைவி சுவிட்ச் போர்டிடம், “மொதல்ல கீழ எறங்கட்டும், அப்புறம் பேசிக்கலாம்” என்றாள். அவள் சொன்னது நாயின் கால்களை. உங்கள் கௌரவத்தை இல்லை. நீங்கள் “புரிஞ்சுது சம்பந்தி, எல்லாம் புரிஞ்சுது” என்றீர்கள். நான் திரும்பியபோது நீங்கள் தெருமுனைக்குப் போய்விட்டீர்கள். ஒரு காலில் உங்கள் தோல் செருப்பு, மறு காலில் எங்கள் குளியலறை ரப்பர் செருப்பு. கோபமாகப் போகிறவர் நின்று செருப்பைத் தேட முடியாது என்பது எனக்குத் தெரியும். ஊருக்கே ஜோடி பார்த்துச் செருப்புக் கொடுக்கிறவரை அப்படி நடக்கவிட்டோமே! சின்னவர் வாயில் இருந்த உங்கள் இன்னொரு செருப்பை வாங்க மகன் பிஸ்கட் எடுக்க ஓடினான். அவன் வருவதற்குள் சின்னவர் வாரைத் தின்றுவிட்டார். மன்னிக்கவும்.

நான் யாரிடமும் இறங்கிப் பேசுகிறவன் இல்லை. அச்சக முதலாளியிடமே ஒரு ஒற்றெழுத்துக்காக வருஷக்கணக்கில் பேசாமல் இருந்தவன். ஆனால் பெண் அழும்போது ஒற்றெழுத்தெல்லாம் நிற்காது. சின்னவர் இப்போது திருந்திவிட்டார். குதிப்பது பாதிக்குமேல் குறைந்துவிட்டது, கடிக்கத் தனியாக ஒரு ரப்பர் எலும்பு வாங்கிக் கொடுத்திருக்கிறோம், அதைப் பெரும்பாலும் கடிக்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் குடும்பத்தோடு வந்து எங்கள் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். நாய் பழக்குகிறவர் என்ன சொன்னாலும் சரி, தெருமுனையிலேயே நின்று “வாங்க வாங்க” என்று கூப்பிடுகிறேன். நடந்ததை எல்லாம் மறந்து, பெரிய மனதோடு மன்னிக்கவும்.

சம்பந்தி அம்மாளுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளைக்கும் எங்கள் பெண்ணுக்கும் எங்கள் ஆசிகள், அவர்கள் என்றும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நீடூழி வாழட்டும்.

உங்கள் தயவை எதிர்பார்க்கும்,
சம்பந்தி

பி.கு.: கடிதத்தை உறையில் போட்டுவிட்டுப் பசையைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு போன் வந்தது. யாரிடமிருந்து என்று கேட்காதீர்கள். உங்கள் மருமகள் இல்லை. சின்னவர் ஏதோ நண்பர் வீட்டில் பிறந்து நேராக எங்களிடம் வந்தவர் என்றீர்கள். உங்கள் கடைக் கிடங்கில் வளர்ந்தவராமே? பல் முளைத்ததே அங்கேதானாமே? பெட்டி பெட்டியாக இடது கால் செருப்பாகப் பார்த்துத் தின்று, வலது கால்கள் மட்டும் விற்க வழியில்லாமல் கிடக்கின்றனவாமே? “யார் தலையிலயாவது கட்டுங்க” என்று சம்பந்தி அம்மாள் சொன்னதும், “நம்ம சம்பந்தி இருக்காரு, வாயத் தொறந்து வேணாம்னு சொல்ல மாட்டாரு” என்றீர்களாமே? அன்றைக்கு எங்கள் முதுகைப் பார்த்ததும் குட்டு உடைந்துவிட்டது என்று நினைத்துத்தான் ஓடினீர்களாமே? என் பெயரைக் கேட்டதும் எழுந்து போவது கோபத்தால் இல்லையாம், வெட்கத்தாலாம். நீங்கள் போனில் “எல்லாம் நல்லா இருக்கா?” என்று விசாரித்தது எங்களை இல்லை, எங்கள் மேசை நாற்காலியை என்பதும் இப்போதுதான் விளங்குகிறது. இலக்கணம் சரியாகத்தான் இருந்திருக்கிறது. சின்னவரைத் திருப்பி அனுப்புவேனோ என்று பயப்பட வேண்டாம், என் மனைவி விடமாட்டாள், நானும்தான். ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள். மூன்று பேரும் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். இத்தனையையும் முதலிலிருந்து மாற்றி எழுத எனக்குப் பொறுமை இல்லை. ஆகவே மேலே ‘மன்னிக்கவும்’ என்று வருகிற இடங்களிலெல்லாம் ‘மன்னித்தேன்’ என்று திருத்திப் படித்துக்கொள்ளவும்.