மூன்று கோபுரங்களும் என் கழுத்துப்பட்டியும்

ஐரோப்பாவில் எனக்குச் சரித்திரம் தெரிந்த ஊர் ஒன்றே ஒன்றுதான். அதுவும் படித்துத் தெரிந்ததில்லை, வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டு தெரிந்தது. ஊரின் பெயர் கெந்த். பெல்ஜியத்தில் இருக்கிறது. லண்டனிலிருந்து ஜெர்மனிக்கு வேனில் போகிற எங்கள் சனம் அதைத் தாண்டித்தான் போகும், ஒருவரும் இறங்கமாட்டார்கள். நான் இறங்கியதற்குக் காரணம் அத்தானின் கையில் இருந்த அடிமட்டம்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மோர்டனில் அக்கா வீட்டு மேல் அறையில் இருந்துகொண்டு, ஒரு பெற்றோல் ஷெட்டில் வேலை செய்துகொண்டிருந்தேன். லண்டனுக்கு வந்து ஆறு வருஷம். தேம்ஸ் நதியை இரண்டு தரம் பார்த்திருந்தேன், அதில் ஒரு தரம் பஸ் மாறி ஏறியதால். வயது முப்பத்திரண்டு. "எனக்குக் கல்யாணம் தேவையில்லை" என்று காண்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். (பச்சைப் பொய். அக்காவும் அத்தானும் கீழே ஏதோ கதைத்துச் சிரிக்கும்போது, மேலே கட்டிலில் கிடந்து, எனக்கும் சேர்ந்து சிரிக்க ஒரு ஆள் வேணும் என்று ஏங்கிக்கொண்டிருந்தேன்.)

அக்கா பார்த்த மூன்று சம்பந்தங்கள் என் வாயால் குழம்பிப்போயின. நாலாவது ஜெர்மனியில், டோர்ட்முண்டில். பெண்ணின் பெயர் வதனி.

"இதையும் குழப்பினியெண்டால் நீயாச்சு, உன்ர பாடாச்சு" என்றாள் அக்கா. "நான் இனி ஒரு இடமும் பாக்கமாட்டன்." அக்கா சொன்னால் சொன்னதுதான்.

எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பது ஒரு நாடகம். இரண்டு பகுதியும் ஏதோ கும்பிட வந்த மாதிரி ஒரே கோயிலுக்கு ஒரே நேரத்தில் வரும். "அட, நீங்களோ! கண்டு கனகாலம்" என்று ஆச்சரியப்படும். மாப்பிள்ளையும் பொம்பிளையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். பிடிக்காவிட்டால் ஒருவருக்கும் மரியாதைக் குறைவில்லை, ஏனென்றால் ஒன்றுமே நடக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் இது சுகமான வேலை. மோர்டனில் இருப்பவனும் டோர்ட்முண்டில் இருப்பவளும் எங்கே போய்த் தற்செயலாகச் சந்திப்பது? அத்தான் வரைபடத்தை விரித்து, மகளின் அடிமட்டத்தை வைத்து நடு இடத்தை அளந்தார். அவருடைய விரல் கெந்தில் போய் நின்றது.

"பெரிய தேவாலயம் ஒண்டு இருக்காம். அதுவும் கோயில்தானே!" என்றார். "கோபுரத்தடியில, சனிக்கிழமை பதினொரு மணிக்கு, தற்செயலாய்."

அத்தானின் கோட்டும் சூட்டும் எனக்கு. நெற்றியில் அக்கா பூசிவிட்ட மூன்று குறி விபூதி. கழுத்தில் சிவப்புக் கழுத்துப்பட்டி, அத்தான் போட்ட முடிச்சு. (அந்த முடிச்சை அவிழ்க்க எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.) கப்பலில் வந்த கதையை விடுவோம். கெந்தில் போய் இறங்கி நிமிர்ந்து பார்த்தால், ஒரே வரிசையில் மூன்று கோபுரங்கள்!

"இதில எது?" என்றாள் அக்கா.

அத்தான் மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். முதலாவது ஒரு தேவாலயம், நடுவில் மணிக்கூண்டு, மூன்றாவது இன்னொரு தேவாலயம். மூன்றும் பெரிசு.

"அப்ப போய்த் தேடுங்கோவன்."

"தேடினால் பிறகென்ன தற்செயல்? அவை எங்களை என்னெண்டு நினைப்பினம்?" என்றார் அத்தான்.

ஆகவே நாங்கள் முதலாவது கோபுரத்தடியில் அசையாமல் நின்றோம். மூன்றாவது கோபுரத்தடியில் டோர்ட்முண்ட்காரர் அசையாமல் நின்றிருக்கிறார்கள், அதே காரணத்துக்காக. கைத்தொலைபேசி இல்லாத காலம். ஒரு மணித்தியாலம் போனது. நான் கால் உளைகிறது என்று சொல்லி, கொஞ்சம் நடந்துவிட்டு வர அனுமதி வாங்கினேன்.

இரண்டு தெரு தள்ளித்தான் போனேன். அங்கே கால்வாய் இருந்தது.

எப்படிச் சொல்வது? பனிப்புகார் இன்னும் முழுக்கக் கலையவில்லை. தண்ணீரின் ஓரமாக, படிப்படியாய் ஏறும் முகடு வைத்த பழைய வீடுகள் தோளோடு தோள் சாய்ந்து நின்றன. அவற்றின் நிழல் தண்ணீருக்குள் தலைகீழாக நின்று, ஒரு வாத்து போகும்போது மட்டும் குலைந்து, பிறகு மெல்லச் சேர்ந்தது. மேலே மணிக்கூண்டிலிருந்து மணிகள் ஒரு மெட்டை அவசரமில்லாமல் வாசித்தன. ஆறு வருஷமாக ஷிப்டுக்கு ஓடிய கால்கள் முதல்தரம் ஓடாமல் நின்றன. கனவுக்குள் யாரோ கதவைத் திறந்து என்னை உள்ளே விட்டதுபோல இருந்தது. இப்படி ஒரு ஊர் இருக்கிறதென்று ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை என்று எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

"லண்டனோ?" என்று தமிழில் ஒரு குரல்.

கால்வாய்ப் படியில் ஒரு பெண் உருளைக்கிழங்குப் பொரியல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கட்டை முடி, கண்ணாடி, மழைக்கோட்டு.

"ஓம், எப்பிடித் தெரியும்?"

"விபூதியும் சூட்டும்" என்று சொல்லிப் பொரியலை நீட்டினாள். "எடுங்கோ."

கெந்த் நகரத்தில் அன்று தமிழ் பேசுகிற இளம் பெண்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று ஒரு கழுதைக்கும் கணக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை. நான் தேடியது சேலையும் இரட்டைப் பின்னலும். டோர்ட்முண்டிலிருந்து வந்த பொம்பிளையின் படத்தில் அப்படித்தான் இருந்தது. அதனால் பக்கத்தில் இருந்து பொரியலைத் தின்றுகொண்டு வாயைத் திறந்தேன்.

முதலில் சரித்திரம். தூரத்தில் ஒரு கற்கோட்டை தெரிந்தது. "உது ஒரு ராசா தன்ர ராணிக்காகக் கட்டினது. அவ செத்தாப்பிறகு அவர் வெளியில வரவேயில்லை" என்று அடித்துவிட்டேன்.

"அப்பிடியோ?" என்றாள். "நான் வாசிச்ச புத்தகத்தில அதுக்குள்ள ஒரு காலம் பஞ்சாலை நடந்ததெண்டு போட்டிருந்திது."

"அது பிறகு" என்றேன், கூச்சமேயில்லாமல்.

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் நான் மெழுகாக உருகி, கேட்காததையெல்லாம் சொல்லத் தொடங்கினேன். "நான் இஞ்ச வந்ததே ஒரு பகிடி. அக்கா ஒரு பொம்பிளையைப் பாக்கக் கூட்டிக்கொண்டு வந்தவ. படத்தைப் பாத்தனான். பொலிஸ் பிடிச்சு வைச்ச ஆள் மாதிரி முழிச்சுக்கொண்டு நிக்கிறா. ஆள் வராமல் விட்டால் நல்லது."

அவள் பொரியலை மெல்லுவதை நிறுத்தினாள்.

"இந்த ஊர்ச் சனத்தின்ர கதை தெரியுமோ?" என்றாள் பிறகு. "இஞ்ச பிறந்த ஒருத்தன் பெரிய பேரரசனா வந்தவன். அவன்ர சண்டைக்கு வரி கட்டமாட்டம் எண்டு ஊர்ச்சனம் வாய் காட்டினதாம். அவன் படையோட வந்து, பெரிய மனிசரையெல்லாம் வெள்ளைச் சட்டையோட, வெறுங்காலோட, கழுத்தில தூக்குக் கயிறு போட்டு நடந்து வந்து மன்னிப்புக் கேக்க வைச்சான். இண்டைக்கும் இந்த ஊராக்களுக்குக் கயிறு போட்டவை எண்டுதான் பட்டப்பெயர். அதை அவை பெருமையாச் சொல்லுவினம்."

"வாய் காட்டினால் அப்பிடித்தான்" என்றேன். (நான்தான். நானேதான் சொன்னேன்.)

மணி அடித்தது. அவள் எழும்பினாள். "கோபுரத்தடியில என்ர ஆக்கள் நிக்கினம்."

"நானும் அந்தப் பக்கம்தான்" என்று கூடவே நடந்தேன். அந்த ஐந்து நிமிஷ நடையில், நேரில் காணாத அந்த டோர்ட்முண்ட் பெண் எங்கேயாவது நல்லாயிருக்கட்டும், எனக்கு இவள் போதும் என்று மனம் சொல்லிவிட்டது. சதுக்கத்துக்கு வந்தபோது அக்கா, அத்தான், ஒரு பெரிய மீசைக்காரர், அவருடைய மனைவி எல்லோரும் ஒன்றாக நின்றார்கள். (அக்கா திறந்த மீன் கட்லட் பெட்டியின் வாசம் மூன்றாவது கோபுரம்வரை போனதாம்.) எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். ஒரே பொட்டலத்தில் இரண்டு பேர் கையும்.

"வதனி!" என்றார் மீசைக்காரர்.

மூன்று கோபுரங்களும் என் தலையில் இடிந்து விழுந்தன.

"ஓ... அப்ப இது ஏற்கெனவே நடக்கிற விசயமோ?" என்று குதித்தார் அந்த மீசைக்காரர், வதனியின் மாமா. "லவ் பண்ணிப்போட்டு எங்களை அலைய வைச்சிருக்கிறியள். இந்தச் சம்பந்தம் சரிவராது. வா பிள்ளை, போவம்!"

அக்காவின் முகம் வெளிறிவிட்டது. "சத்தியமா இவனுக்கு ஆளைத் தெரியாது அண்ணை..."

"தெரியாத ஆளோடயோ பொரியல் தின்னுறான்?"

தெரியாது என்று நிரூபிக்க ஒரே வழிதான் இருந்தது. அத்தனை பேருக்கும் முன்னால், படத்தைப் பற்றி அவளிடமே சொன்னதை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன். பொலிஸ் பிடித்த கதை உட்பட. தெரிந்திருந்தால் எந்த மடையன் அப்படிச் சொல்லுவான்? மாமா நம்பிவிட்டார். நம்பியதால் கோபம் இரண்டு மடங்கானது. அக்கா கட்லட் பெட்டியை மூடினாள். அந்த மூடியின் சத்தத்தில் என் எதிர்காலம் முடிந்தது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

வதனி திரும்பி நடக்கத் தொடங்கினாள். எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. குனிந்து சப்பாத்தைக் கழற்றினேன், காலுறையையும் கழற்றினேன். கோட்டை அத்தானின் கையில் கொடுத்தேன். வெள்ளைச் சட்டை, குளிர்ந்த கல்லில் வெறுங்கால். அவிழ்க்கத் தெரியாத அந்தக் கழுத்துப்பட்டியின் நுனியைக் கயிறுபோல மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றேன்.

"கோயிலுக்குள்ள போகப்போறான் போல" என்று அத்தான் அக்காவுக்கு விளக்கம் சொன்னார்.

வதனி என் காலைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துப் பார்த்தாள், சிரிப்பை அடக்க ஏலவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கிற அளவுக்குச் சிரித்தாள். நானும் சிரித்தேன். மேல் அறையில் கிடந்து ஏங்கிய சிரிப்பு அதுதான் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்தது.

"மாமா" என்றாள், "எனக்கு ஓம்."

அதன் பிறகு மோர்டனில் எங்களுக்கு ஒரு வீடு, இரண்டு பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமைகளில் வதனி ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு லண்டனைச் சந்து சந்தாகக் காட்டுவாள். தேம்ஸை இப்போது எண்ணுவதில்லை. நான் ஏதாவது சரித்திரம் சொல்ல வாயெடுத்தால் பிள்ளைகள் இரண்டும் என் காலைத்தான் பார்க்கும்.

எங்கள் வீட்டுக்கு வருகிற எல்லோரும், எந்தத் தமிழ் வீட்டையும்போல, வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றுவார்கள். ஒருவரும் சிரிப்பதில்லை. நான் வேலையால் வந்து குனிந்து கழற்றும்போது மட்டும் உள்ளேயிருந்து அவள் குரல் வரும்: "இண்டைக்கு என்ன செய்துபோட்டு வாறியள்?"