படம் நல்லாத் தெரியுதுங்க

எங்கள் கோயமுத்தூர்ப் பக்கத்தில், விருந்தாளியைப் பார்த்து "போதும், எழுந்திருங்கள்" என்று சொல்ல இன்னும் யாரும் பழகவில்லை. அவர் இலையை மூடும்வரை நாம் சோறு போட்டுக்கொண்டே இருப்போம். நாம் போடுகிறோமே என்று அவரும் தின்றுகொண்டே இருப்பார். இந்த மரியாதையால் எத்தனை வயிறு கெட்டதோ தெரியாது. ஒரு வீடியோ கேம் மிஷின் கெட்டது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். அது என்னுடையது.

தொண்ணூறுகளில் துடியலூரில் வீடியோ கேம் கடை வைத்திருந்தேன். ஆளுயர மிஷின்கள் மூன்று. அதில் இரண்டு ஓடாது. (மூன்றாவது ஓடும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.) கல்யாணத் தரகரோ "பையன் எலக்ட்ரானிக்ஸ் தொழிலுங்க" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். நம்பி வந்த இரண்டு சம்பந்தங்கள் கடையை எட்டிப் பார்த்ததோடு திரும்பிப் போயின.

மூன்றாவது சம்பந்தம் தொண்டாமுத்தூர். பெண்ணைக் கோயிலில் ஒருமுறை காட்டினார்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பெண்ணின் அப்பா தென்னந்தோப்புக்காரர். "தொழிலை ஒரு எட்டுப் பார்த்துப்போட்டுச் சொல்றனுங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவர் வரவிருந்த நாளில் அம்மா காலையிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"கண்ணு, இதுவும் போச்சுன்னா நீ அந்தப் பொட்டியவே கட்டிக்க."

மத்தியானம் தோப்புக்காரர் மொபெட்டில் ஒரு குலை இளநீரோடு வந்து இறங்கினார். அரிவாளையும் கொண்டுவந்திருந்தார். ஒன்றைச் சீவி என் கையில் கொடுத்தார். அவரை என்னவென்று கூப்பிடுவது என்பதே எனக்குப் பெரிய சிக்கலாகிவிட்டது. அண்ணா என்றால் பெண் எனக்கு மகள் முறையாகிவிடும். மாமா என்றால் முந்திரிக்கொட்டை என்பார்கள். எனவே வெறும் 'ங்க'வை வைத்தே பொழுதை ஓட்டினேன்.

"இத எப்படீங்க தம்பி ஆடறது?" என்று கேட்டார்.

டோக்கனைப் போட்டு, விமானத்தைச் சுடும் ஆட்டத்தைக் காட்டிக்கொடுத்தேன். மனிதர் உட்கார்ந்தார். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டினார். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. ஒவ்வொரு முறை ஆட்டம் முடியும்போதும் நான் மரியாதையாக இன்னொரு டோக்கன் போட்டேன். போட்டுவிட்டேனே என்று அவரும் மரியாதையாக ஆடினார்.

நான் மட்டும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மிஷினின் மானிட்டரில் ஒரு வியாதி உண்டு. படத்தை மேலும் கீழுமாக விரித்துப் பிடிக்கிற ஒரு சின்ன ஐசி சிப், அரைமணி நேரம் ஓடினால் தோசைக்கல்லாகச் சுட்டுவிடும். உடனே படம் சுருங்கிப்போய், திரை நடுவில் வெறும் ஒரு வெள்ளைக் கோடாக நிற்கும். அணைத்து ஆறவிட்டால் சரியாகிவிடும். மூன்று முறை ஐசியை மாற்றியும் அடங்கவில்லை. பையன்கள் ஆடினால் "எந்திரிங்கடா" என்று விரட்டிவிட்டு அணைத்துவிடுவேன். வருங்கால மாமனாரை எப்படி விரட்டுவது?

"பின்னால ஒரு சின்ன வேலைங்க, நீங்க ஆடுங்க" என்று ஒரு பிடி டோக்கனை அவரிடம் கொடுத்துவிட்டு, இளநீரைப் பக்கத்திலிருந்த ஸ்டூலில் வைத்தேன். மிஷினின் பின்கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டேன். (அவர் அப்போது எட்டிப் பார்த்திருந்தால் என்னுடைய எந்தப் பாகம் தெரிந்திருக்கும் என்று இப்போது நினைத்தாலும் கூசுகிறது.) ஐசியைத் தொட்டதும் விரல் வெந்தது. கத்தாமல், கையை மிஷினுக்கு வெளியே நீட்டி உதறிக்கொண்டேன். கடையில் இருந்த ஒரே டேபிள் ஃபேனை அவர் பக்கமிருந்து ஐசி பக்கம் திருப்பினேன்.

"உங்களுக்குக் காத்து வருதுங்களா?"

"வேண்டாமுங்க தம்பி. தோப்புக்காரனுக்கு வேர்வை என்னங்க புதுசா?"

பின்னாலிருந்து எனக்குத் திரை தெரியாது. அதனால் அவரையே கேட்டேன்.

"படம் முழுசாத் தெரியுதுங்களா?"

"ஜம்முனு தெரியுதுங்க."

அப்பாடா என்றிருந்தது. அட்டையால் விசிறினேன். வாயால் ஊதினேன். ஈரத்துணி வைக்கலாமா என்று யோசித்தேன். நடுநடுவே கேட்டேன். ஒவ்வொரு தடவையும் "நல்லாத் தெரியுதுங்க" என்றே பதில் வந்தது. என் வைத்தியத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தபோது அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏனுங்க தம்பி, ஊதுவத்தி ஏத்தீருக்கறீங்களா? வாசம் ஒரு மாதிரியா இருக்குதுங்க."

குனிந்து பார்த்தேன். ஐசிக்குப் பக்கத்திலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

"எந்திரிங்க மாமா!"

கத்திக்கொண்டே ஓடினேன். பிளக்கைப் பிடுங்கும்போது திரையைப் பார்த்தேன். நட்டநடுவே ஒரே ஒரு வெள்ளைக் கோடு. அத்தனை நேரமும் மனிதர் சத்தத்தை மட்டும் கேட்டு அந்தக் கோட்டைச் சுட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"கரண்டப் புடுங்கீட்டீங்களா?" என்று நிதானமாகக் கேட்டார். தலையாட்டினேன். ஸ்டூலில் இருந்த இளநீரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், புகை வந்த இடத்தில் பதமாக ஊற்றினார். புகை அடங்கியது. மானிட்டரும் அடங்கியது.

"அப்ப நான் வாரனுங்க" என்று கிளம்பிவிட்டார். நான் மாமா என்று கூப்பிட்டுவிட்டது அவருடைய மொபெட் கிளம்பிய பிறகுதான் எனக்கே உறைத்தது. பிறகு மானிட்டரைக் கழற்றி இளநீரைத் துடைத்தபோதுதான் பார்த்தேன்: ஐசியை அலுமினியத் தகட்டோடு சேர்த்துப் பிடிக்கும் ஸ்க்ரூ லொடலொடவென்று ஆடிக்கொண்டிருந்தது. சூடு தகட்டுக்கு இறங்கினால்தானே ஐசி ஆறும்? மூன்று ஐசி மாற்றிய மேதாவி, ஒரு ஸ்க்ரூவை முடுக்கவில்லை. சம்பந்தமும் போச்சு, பெட்டியும் போச்சு என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தேன்.

ஆனால் சம்மதம் என்று ஆள் வந்தது. அவர் வீட்டில் என்ன சொன்னார் என்பதைக் கல்யாணத்துக்குப் பிறகு மனைவி சொல்லித்தான் தெரியும்.

"தொழில் ஒண்ணும் சரியில்ல அம்மணி. ஆனா பையன் கை வெந்தும் என்னைய எந்திரிங்கன்னு சொல்லல. எனக்கு ஆபத்துன்னதும்தான் வாயத் தொறந்தான். மாமான்னும் கூப்புட்டுப்போட்டான். இனி எப்படி இல்லைன்னு சொல்றது?"

அந்த ஸ்க்ரூவை ஒழுங்காக முடுக்கியிருந்தால் என் வாழ்க்கையே வேறு மாதிரி ஆகியிருக்கும். அது லூசாக இருந்ததற்கு இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன். எங்கள் வீட்டில் "நல்லாத் தெரியுதுங்க" என்றால் ஏதோ புகைகிறது என்று அர்த்தம். சாம்பாரில் உப்பில்லாவிட்டாலும் இதைத்தான் சொல்வேன். மனைவி உப்பு ஜாடியை எடுத்துவந்து வைப்பாள்.

சில வருஷங்களுக்கு முன் மாமாவுக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கட்டிலுக்கு மேலே ஒரு மானிட்டரில் கோடு ஏறி இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. நான் அதையே வெறித்துக்கொண்டு நின்றேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், மானிட்டரைப் பார்த்தார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, கோடு நேராப் போச்சுன்னா உடனே சத்தம் போட்டுப்போடுங்க. அன்னைக்கு நானிருந்தாட்டம் மரியாதை பாத்துட்டு நிக்காதீங்க."

மனைவி சிரித்துக்கொண்டே அழுதாள். நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. மாமா பிழைத்து எழுந்து, இப்போதும் தோப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எங்கள் வீட்டுக்கு வந்தால் டிவி ரிமோட்டை மட்டும் யாரும் அவர் கையில் கொடுப்பதில்லை. உட்கார்ந்துவிட்டால் "போதும், எழுந்திருங்கள்" என்று சொல்ல நாங்கள் இன்னும் பழகவில்லை.